பேசிய துரைக்கு ஒரு கப்பல் டிக்கெட்

சர்க்கார் தானாக முன்வந்து ஒருவருக்குக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுப்பது தினமும் நடக்கிற காரியமா? 1937 ஏப்ரலில் சிலோனில் நடந்தது. கொழும்பிலிருந்து கிளம்பும் மூல்தான் என்ற கப்பலில் இடம் பதிவாகியிருந்தது. 22ஆம் தேதி ஆள் கையில் உத்தரவைக் கொடுத்தார்கள். 24ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்குள் தீவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஆளுக்கு வயது 24. வெள்ளைக்காரர். செய்த குற்றம், பேசியது.

பெயர் மார்க் அந்தோனி லைஸ்டர் பிரேஸ்கேர்டில். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அந்தக் கடைசிப் பெயரை இரண்டாக உடைத்துப் பார்க்கலாம். முதல் பாதி கால்சட்டையைத் தோளிலிருந்து இழுத்துப் பிடிக்கும் வார். பின்பாதி இடுப்புக் கச்சை. இடுப்புக்கு இவ்வளவு பந்தோபஸ்து செய்த முன்னோர்கள் வாய்க்கு ஒரு பூட்டுப் போட மறந்துவிட்டார்கள்.

லண்டனில் பிறந்தவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய அணியைச் சேர்ந்தவர் அம்மா. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. அம்மாவோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார், அங்கே இளம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தார். பிறகு 1936இல், கம்யூனிஸ்டுகள் வழக்கமாகத் தேடிப் போகாத ஒரு வேலையைத் தேடிக் கப்பலேறினார். சிலோனில் தேயிலைத் தோட்டத் துரை உத்தியோகம்.

தோட்டத்து வரிசை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே பெரிய துரை, அவருக்குக் கீழே சின்ன துரை. அப்புறம் கணக்குப்பிள்ளை, கங்காணி. எல்லாருக்கும் கீழே, லயத்தில் பத்தடி அறையில் குடும்பத்தோடு, கொழுந்து பறிக்கிறவர்கள். சின்ன துரை ஆவதற்கு முன்னால் வேலை கற்றுக்கொள்ள வரும் வெள்ளைக்காரப் பையனை அவர்கள் பாஷையில் 'கிறீப்பர்' என்பார்கள், அதாவது படர்கிற கொடி. பெரிய துரையைப் பற்றிக்கொண்டு மேலே ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. நம்மாள் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் என்ற தோட்டத்தில் கொடியாக நடப்பட்டார். கொடியோ துரையை விட்டுவிட்டு லயத்துப் பக்கம் படர்ந்தது. தொழிலாளர் தகராறு ஒன்று வந்தபோது அவர்கள் பக்கம் நின்றார். இவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு எங்கே என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார். தேயிலைத் தோட்டத்தில் இது, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பெட்ரோல் ஊற்றுவதற்குச் சமம். பெரிய துரை சீட்டைக் கிழித்தார்.

இதோடு கதை முடிந்திருக்கும். வேலை போன வெள்ளைக்காரப் பையன்கள் ஊர் திரும்பி, கிழக்கு நாட்டு உஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் காலத்தை ஓட்டுவதுதான் மரபு. இவர் கொழும்புக்கு இறங்கி லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

கட்சிக்கு அப்போது ஒரு வயது. 1935 டிசம்பரில் பிறந்த குழந்தை. லண்டனில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் பெற்றது. மலேரியா ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில் வீடு வீடாகப் பருப்புக் கொடுத்ததால் என்.எம். பெரேராவுக்கு 'பருப்பு மாத்தயா', அதாவது பருப்பு ஐயா, என்று பெயர். டாக்டர் பட்டம் வாங்கியவரைப் பருப்பை வைத்து நினைவில் வைத்துக்கொண்ட ஜனங்களின் ரசனையை நான் மெச்சுகிறேன். அவரும் பிலிப் குணவர்தனவும் 1936இல், அன்றைய சட்டமன்றமான அரசுப் பேரவைக்குள் நுழைந்திருந்தார்கள். வெளியே கொல்வின் ஆர். டி சில்வா, வக்கீல். இந்தக் கூட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் தோழர் தானாக வந்து வாய்த்தால் விடுவார்களா? 1936 நவம்பரில் கொழும்பில் ஒரு கூட்டம். தெருமுனைக் கூட்டத்துக்கு ஒரு வெள்ளைத் தோழர் வருவது இதுதான் முதல் தடவை என்று கொல்வின் தலைமையுரையில் பெருமைப்பட்டுக்கொண்டார். கல்யாண வீட்டில் கலெக்டர் வந்து உட்கார்ந்தது போல.

கொழும்பில் பேசியதை சர்க்கார் பொறுத்துக்கொண்டது. நகரத்தில் யாராவது எதையாவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். மலையில் பேசியதுதான் வினை.

1937 ஏப்ரல் 3, நாவலப்பிட்டி. தோட்டத் தொழிலாளர்கள் இரண்டாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய் வந்து பேசினார். அதற்கு மேல் என்.எம். எழுந்து, நம்மிடம் ஒரு வெள்ளைத் தோழர் இருக்கிறார், இப்போது பேசுவார் என்று அறிவித்தார். பிரேஸ்கேர்டில் எழுந்ததும் கூட்டம் எழுப்பிய முழக்கம் போலீஸ் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது: "சாமி! சாமி!"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் தாத்தாக்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்தவர்கள். வழியில் செத்தவர்கள் போக மிச்சம் மலையேறியது. துரை வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்கவே பழக்கப்பட்ட ஜனம். ஒரு துரை மேடையேறி நமக்காகப் பேசினால் அவரை என்னவென்று கூப்பிடுவது? தோழர் என்ற சொல் புதிது. பிரேஸ்கேர்டில் என்ற பெயர் யார் வாயிலும் நுழையாது. கையில் இருந்த சொற்களிலேயே பெரியதை எடுத்துப் போட்டார்கள். பொதுவுடைமை பேச வந்தவரைத் தெய்வமாக்கியதில் உள்ள தத்துவச் சிக்கலைப் பற்றிக் கட்சி தீர்மானம் ஏதும் போட்டதாகத் தெரியவில்லை.

அவர் மலை உச்சிகளைக் கை நீட்டிக் காட்டினார். அதோ தெரிகிற வெள்ளைப் பங்களாக்களில் சொகுசாக இருக்கிறவர்கள் உங்கள் ரத்தத்தை உறிஞ்சுகிற ஒட்டுண்ணிகள் என்றார். ஒட்டுண்ணி என்ற சொல்லுக்கு அங்கே அகராதி தேவைப்பட்டிருக்காது. மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போய், காலில் அட்டை ஏறிக் கெண்டைக்காலில் ரத்தம் வழிய வீடு திரும்புகிறவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? துரைமார் தொழில் சட்டங்களை மீறுகிறார்கள், அதை விடக்கூடாது என்றார். உள்ளேயிருந்து பார்த்தவன் நான், எல்லாக் கூத்தையும் அம்பலப்படுத்துவேன் என்றும் சொன்னார்.

கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்த போலீஸ்காரரைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை அவர். பேச்சாளரின் முகம், நின்ற தோரணை எல்லாமே மிரட்டலாக இருந்தன என்று அறிக்கை போனது. ஒரு மனிதனின் மூஞ்சி சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆனதை இதைவிட ஒழுங்காக யாரும் பதிவு செய்ததில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் 'சாமி சாமி' என்று கத்தினார்கள் என்பதையும் விடாமல் எழுதிவைத்தார்.

தோட்டத் துரைமார் கலங்கிப் போனார்கள். கூலி உயர்வு கேட்டால் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். இது வேறு வகை வியாதி. பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர்கள் ஒரு மலை முழுவதையும் ஆள முடிந்ததற்குக் காரணம் துப்பாக்கி மட்டும் அல்லவே. துரை என்றால் வேறு ஜாதி உயிரினம், அவர் நம்மோடு உட்கார மாட்டார், நம் பக்கம் பேச மாட்டார் என்று இரண்டு தரப்பும் நம்பியதுதான் பாதி காரணம். அந்த நம்பிக்கையை ஒரு பையன் கால்சட்டையோடு மேடையேறி உடைத்தால்? கவர்னரிடம் ஓடினார்கள். இவனை அனுப்பி வையுங்கள்.

கவர்னர் சர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ். ஹாங்காங், ஜமைக்கா, சைப்ரஸ் என்று சுற்றிவிட்டு வந்தவர். ஹாங்காங்கில் அவர் இருந்தபோது 1922இல் கப்பல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். 1925இல் ஊரே வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் என்ற வாடையே மூக்குக்கு ஆகாத மனிதர் என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட ருசியான விஷயம் அவருடைய அப்பா. வில்லியம் ஸ்டப்ஸ், ஆக்ஸ்ஃபோர்டின் பிஷப், பெரிய சரித்திர ஆசிரியர். இங்கிலாந்தின் அரசியலமைப்புச் சரித்திரத்தை மூன்று தொகுதிகளாக எழுதியவர். மன்னனின் அதிகாரத்துக்கு எங்கே கோடு கிழிக்கப்பட்டது, யார் கிழித்தார்கள் என்று பக்கம் பக்கமாகச் சொன்ன புத்தகம். இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் பரீட்சைக்கு உருப்போட்டார்கள். வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் தப்பித்துவிட்டது போலிருக்கிறது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

மகன் ஸ்டப்ஸ் சட்டப் பெட்டியைத் துழாவி 1896ஆம் ஆண்டு ஆணை ஒன்றை வெளியே எடுத்தார். ராணியின் பெயரில், ஆபத்துக் காலத்துக்கென்று போடப்பட்டது. இன்னார் தீவை விட்டுப் போக வேண்டும் என்று கவர்னர் உத்தரவிடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, விசாரணை தேவையில்லை. அதில் பெயரை நிரப்பி, கெடு நேரத்தை நிரப்பி, கப்பலையும் பார்த்துவிட்டார். சனிக்கிழமை மாலை ஆறு மணி வந்தது. மூல்தான் போயிற்று. பிரேஸ்கேர்டிலைத்தான் காணோம்.

கட்சி அவரை ஒளித்துவைத்துவிட்டது. தீவு முழுக்கப் போலீஸ் தேடியது. நினைத்துப் பாருங்கள்: பழுப்பு மனிதர்கள் நிறைந்த தேசத்தில் ஒரே ஒரு வெள்ளைக்கார இளைஞனைக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்க முடியவில்லை. சாம்ராஜ்யத்தின் உளவுத்துறை பற்றி நமக்கு இருந்த மரியாதை இந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. மே தின ஊர்வலத்தில் தட்டிகள் வந்தன. எங்களுக்கு பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்து! யார் இந்த நாட்டுக்கு அந்நியன் என்ற கேள்வியை இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டிருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த கவர்னர், ஸ்காட்லாந்திலிருந்து வந்த துரைமார், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி, சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடி. இத்தனை வெளியூர்க்காரர்கள் கூடிய சந்தையில் 'நீ வெளியூர்' என்று ஒருவரைப் பார்த்து மட்டும் சொன்னார்கள் என்றால், அவர் வாயைத் திறந்தார் என்று அர்த்தம்.

மே 5ஆம் தேதி அரசுப் பேரவையில் என்.எம்.மும் பிலிப்பும் கவர்னர் மீதே கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 34க்கு 7 என்று நிறைவேறியது. பேரவை முழுக்கப் புரட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நிலபுலன் உள்ள கனவான்கள் நிறையப் பேர். தோட்டத்தில் யாராவது ஒட்டுண்ணி என்று கத்தினால் தங்களையும் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். அவர்களுக்கு உறுத்தியது வேறு. 1931இலிருந்து உள்நாட்டு அலுவல்களுக்கென்று நம்மவர் ஒருவர் மந்திரியாக இருக்கிறார். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் கவர்னர் ஓலை அனுப்பிவிட்டார். பத்திரிகை வைக்காமல் கல்யாணம் நடத்தினால் தாய்மாமன் சும்மா இருப்பாரா? பேச்சுச் சுதந்திரத்துக்கு விழுந்த ஓட்டு எத்தனை, மாமன் கோபத்துக்கு விழுந்த ஓட்டு எத்தனை என்று பிரித்து எண்ண வழியில்லை. எப்படியோ 34. யார் யாரைக் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதை ஆராயப் பின்னால் ஒரு கமிஷனே உட்கார்ந்தது.

தீர்மானம் நிறைவேறிய அன்று மாலை காலிமுகத் திடலில் பொதுக்கூட்டம். ஐம்பதாயிரம் பேர் என்று கட்சிக்காரர்கள் எழுதினார்கள். கட்சிக்காரர்கள் எண்ணும்போது தலைகள் கொஞ்சம் பெருகுவது எங்கும் உள்ளதுதான், பாதியாக வைத்தாலும் கடல் பெரியதா கூட்டம் பெரியதா என்று பார்த்திருப்பார்கள். கொல்வின் தலைமை. பின்னாளில் பிரதமரான பண்டாரநாயக்காவும் பேசினார். திடீரென்று மேடையில், பன்னிரண்டு நாளாகத் தீவே தேடிக்கொண்டிருந்த மனிதர் எழுந்து நின்றார். எம்.ஜி.ஆர். படத்தில் இடைவேளைக்கு முன்னால் வரும் காட்சி, எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆவதற்குப் பத்து வருஷம் முந்தியே எடுத்தாயிற்று. போலீஸ் அங்கேதான் நின்றது. அந்தக் கூட்டத்துக்குள் கை வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

இரண்டொரு நாளில் பிடித்தார்கள். எங்கே? காட்டிலா, குகையிலா? கட்சிச் செயலாளர் வெர்னன் குணசேகரவின் வீட்டில். அந்த வீடு புதுக்கடையில். கொழும்பு தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். உச்ச நீதிமன்றம், வக்கீல் அலுவலகம், முத்திரைத்தாள் கடை எல்லாம் அங்கேதான். கைதானால் கோர்ட்டுக்குப் போகும் வண்டிச் சத்தம்கூட மிச்சம். ஆட்கொணர்வு மனு தயாராகவே இருந்தது. தீவின் தலைசிறந்த சிவில் வக்கீல் எச்.வி. பெரேரா காசு வாங்காமல் வாதாட வந்து நின்றார்.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு. தலைமை நீதியரசர் சர் சிட்னி ஆபிரகாம்ஸ். இவருடைய தம்பி ஹெரால்ட்தான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நூறு மீட்டர் ஓடித் தங்கம் வாங்கியவர். அண்ணனும் லேசுப்பட்டவரல்ல. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் நீளம் தாண்டியவர். நீளம் தாண்டுகிறவர்களுக்கு ஒரு விதி உயிரோடு கலந்திருக்கும். எவ்வளவு தூரம் பறந்தாய் என்பது அப்புறம். கிளம்பும்போது கால் பலகையைத் தாண்டிவிட்டதா என்பதுதான் முதலில். தாண்டிவிட்டால் நீ கடலையே தாண்டினாலும் கணக்கில்லை.

கவர்னருக்குத் தோன்றினால் போதும், அதைக் கோர்ட்டு கேட்க முடியாது என்பது சர்க்கார் தரப்பு. கோர்ட்டு கேட்டது. இது ஆபத்துக் காலத்துக்கான அதிகாரம்; எங்கே ஐயா ஆபத்து? யுத்தமா, கலகமா? 1937 ஏப்ரலில் சிலோனில் நடந்த ஒரே நெருக்கடி துரைமார் கிளப்பில் நடந்ததுதான். ஸ்டப்ஸின் கால் பலகையைத் தாண்டிப் பதிந்திருந்தது. மே 18ஆம் தேதி பிரேஸ்கேர்டில் விடுதலை.

பேச்சுச் சுதந்திரத்துக்கு நீதிமன்றம் மகுடம் சூட்டிய நாள் என்று இதைக் கட்சி வழியில் கொண்டாடுவார்கள். தீர்ப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. நெருக்கடி இல்லாதபோது நெருக்கடிச் சட்டத்தை எடுக்காதே என்பதுதான் அதன் எலும்பு. ஆனால் அது எதன்மேல் சாய்ந்து நின்றது என்று பார்த்தால் சுவாரசியம். நைஜீரியாவில் லாகோஸின் பாரம்பரியத் தலைவர் எஷுக்பாயி எலெக்கோவை அங்கிருந்த வெள்ளைக்கார சர்க்கார் ஊரைவிட்டு விரட்டியிருந்தது. அவர் விடாமல், சாம்ராஜ்யத்தின் கடைசிக் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடினார். சட்டப்படி சரி என்று கோர்ட்டில் நிரூபிக்காமல் பிரிட்டிஷ் பிரஜை ஒருவரின் சுதந்திரத்தில் அதிகாரி எவரும் கை வைக்க முடியாது என்று அட்கின் பிரபு 1931இல் சொன்னது அந்த வழக்கில்தான். ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவர் பாடுபட்டுத் தைத்த குடையின் கீழே லண்டனில் பிறந்த வெள்ளைக்காரர் கொழும்பில் மழைக்கு ஒதுங்கினார்.

அந்தக் குடையில் 'பிரிட்டிஷ் பிரஜை' என்று எழுதியிருந்ததையும் கவனிக்க வேண்டும். உண்மையாகவே அந்நிய தேசத்துக்காரர் ஒருவர், ஒரு ரஷ்யரோ ஜெர்மானியரோ நாவலப்பிட்டியில் அதே பேச்சைப் பேசியிருந்தால், அட்கின் பிரபு எவ்வளவு தூரம் துணைக்கு வந்திருப்பார் என்பது சந்தேகம்தான். வாயைத் திறந்ததற்காக அந்நியராக்கப்பட்ட மனிதர், நான் அந்நியனே இல்லை என்ற சீட்டைக் காட்டித்தான் வெளியே வந்தார்.

இவ்வளவு ரகளைக்குப் பிறகு அவர் அங்கேயே இருந்துவிட்டாரா என்றால், இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் ஸ்டப்ஸும் தீவில் இல்லை, பிரேஸ்கேர்டிலும் இல்லை. ஒருவர் பதவிக்காலம் முடிந்து போனார். இன்னொருவர் சர்க்கார் எடுத்த டிக்கெட்டில் போகமாட்டேன் என்று சுப்ரீம் கோர்ட்டு வரை சண்டை போட்டு ஜெயித்துவிட்டு, பிற்பாடு தானாகவே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1999 வரை வாழ்ந்தார்.

சாமி சாமி என்று கத்தியவர்கள் மிச்சம்.

1948இல் சுதந்திரம் வந்த கையோடு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உன் அப்பா இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. லயத்தில் பிறந்த அப்பாவுக்குச் சான்று ஏது? தோட்டத்தில் கொழுந்துக்கு எடைச் சீட்டு உண்டு, பிள்ளைக்கு இல்லை. சமசமாஜிகள் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள்; அதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்த்து என்ன, நாடற்றவர்கள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மறு வருஷம் ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பித்தளை அண்டாவைக்கூட இதைவிடத் தயங்கித்தான் பிரிப்பார்கள்.

1964இன் அந்த அக்டோபரில் சிறிமாவோ மந்திரிசபையின் நிதியமைச்சர் யார் தெரியுமா? டாக்டர் என்.எம். பெரேரா. பருப்பு மாத்தயா. நாவலப்பிட்டி மேடையில் வெள்ளைத் தோழரை அறிமுகப்படுத்தியவர்.

இந்தத் தடவை நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு இல்லை. வருஷக் கணக்கில் நடந்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் விட்டார்கள். மூல்தானில் காலியாகப் போன மாதிரி இதில் இடம் காலியாக இல்லை. தட்டுமுட்டுச் சாமான், கோழிக்கூடை, அம்மிக்கல்லைக்கூட விட மனமில்லாத கிழவிகள். எச்.வி. பெரேராவும் இல்லை. மேடையில் யாரும் எதுவும் பேசியிருக்கவும் இல்லை. வாயே திறக்காதவர்களை அனுப்புவதற்கு ஆட்கொணர்வு மனு குறுக்கே வராது.

இக்கரையில் மண்டபம் முகாம். தோட்டத்துக்கு ஆள் பிடித்த காலத்தில், அக்கரைக்குப் போகிறவர்கள் நோய் கொண்டுபோய்விடக் கூடாது என்று சிலோன் சர்க்காரே நிறுத்தி வைத்துச் சோதித்து அனுப்பிய இடம். தாத்தா சோதனைக்கு நின்ற அதே மணலில் பேரன் பெட்டியை இறக்கிவைத்து வரிசையில் நின்றான். மேஜைக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா சொந்த ஊர் கேட்டார். நாவலப்பிட்டி என்றான்.